அப்பா ஈரச்சாக்குல சுத்திக் கொண்டாந்த வில்லோ

எங்க வீட்டுக்குக் கீழ ஓடையோரம் நிக்கிற வில்லோ மரத்தப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன், கையில நேரம் கெடைக்கல, இப்ப ஸ்கூல் லீவு, வெளிய மூணு நாளா விடாம மழை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மரம் முழுக்க நனஞ்சு தலையத் தொங்கப்போட்டுட்டு நிக்குது, இப்ப எழுதலன்னா அப்புறம் எப்பவும் எழுத மாட்டேன்.

எங்க ஊரு நுவரெலியாவுல இருந்து வெலிமட போற பக்கம், சீத்தாஎலிய கோயில், ஹக்கல பூந்தோட்டம் எல்லாம் தாண்டி கொஞ்ச தூரம் போயி உள்ளுக்கு எறங்கணும். அப்பா இங்க ஒரு தோட்டத்து பெரிய பங்களாவுல 27 வருசம் பூந்தோட்ட வேல பாத்தவரு. ரோஸ், ஹைட்ரேஞ்சியா, டேலியா எதுவா இருந்தாலும் அவரு கை பட்டா புடிச்சுக்கும். அந்த பங்களாவுக்குப் பின்னால சின்னதா ஒரு குளம், குளத்தங்கரையில ஒரு வீப்பிங் வில்லோ, கொப்பெல்லாம் தரையப் பாத்து தொங்குற சாதி. வெள்ளக்காரன் காலத்து மரம்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அப்பா சொல்றது வேற, வில்லோ அவ்வளவு காலம் நிக்கிற சாதி இல்ல, 40, 50 வருசத்துல உள்ளுக்குள்ள உளுத்துப் போயி ஒரு காத்துக்கு விழுந்துரும், விழுறதுக்கு முன்னாடி யாராவது ஒரு கொப்ப ஒடிச்சு பக்கத்துல நட்டு வச்சிருப்பாங்க, அப்படி கொப்புக்குக் கொப்பு வந்த மரம் தான் அதுன்னு சொல்லுவாரு. நாங்க இருந்த லயத்துல, அதான் தோட்டத்து ஆளுங்க இருக்க வரிசை வீட்டுல, பெரியவங்க அத வில்லா மரம்னு தான் சொல்லுவாங்க. சின்னப் புள்ளைகளுக்கு அது தலவிரிச்சா மரம், பொழுது சாஞ்சா நாங்க யாரும் அந்தப் பக்கம் போக மாட்டோம். அப்பாயி மட்டும் வேற கத சொல்லுவாங்க, இது சீதையம்மா ஒக்காந்து அழுத மண்ணு, அதான் இங்க மரமும் சேந்து அழுவுதுன்னு. எனக்கு இன்னைக்கும் அந்த மரத்தப் பாத்தா அப்பாயி கொரல் தான் மொதல்ல வரும்.

2008ல நாங்க லயத்த விட்டு தனி வீட்டுக்கு வந்தோம். 7 பேர்ச்சஸ் காணி, அதாவது ரெண்டாயிரம் சதுர அடி கூட இல்ல, ரெண்டு ரூம், ஒரு குசினி, முன்னால நமக்குன்னு கொஞ்சம் மண்ணு. லயத்துல பொறந்து வளந்தவங்களுக்குத் தான் அந்த மண்ணோட அரும தெரியும், காம்பராவுக்கு முன்னால மூணடி வாசல்ல டின்னுல பூச்செடி வச்சுப் பாத்தவங்க நாங்க. அன்னைக்கு அப்பா வேல முடிஞ்சு வரும்போது தோள்ல ஒரு ஈரச்சாக்கு, பிரிச்சுப் பாத்தா வெரல் தடிப்புல அஞ்சு வில்லோ குச்சி. தொரைகிட்ட கேட்டுத் தான் வெட்டுனேன்னு அம்மாகிட்ட ரெண்டு தடவ சொன்னாரு. அந்த அஞ்சுல ஒண்ண வீட்டுக்கு முன்னால, கானுக்கு, அதான் தண்ணி ஓடுற வாய்க்காலுக்குப் பக்கத்துல நட்டோம், ஈரம் வேணுமே மரத்துக்கு, கான் ஓரம்னா தண்ணி ஊத்தத் தேவையில்லன்னு நெனச்சோம். மத்த நாலையும் சொந்தக்காரங்க கேட்டாங்கன்னு குடுத்துட்டோம்.

மொத வருசமே அது என் ஒசரத்த தாண்டிருச்சு. நாலாவது வருசம் கூரைக்கு மேல. காலையில மூடுபனி எறங்குற நேரத்துல அந்தக் கொப்பெல்லாம் நரச்ச முடி மாதிரி தொங்கும், ரோட்டுல போற ஆட்டோக்காரங்க கூட நிப்பாட்டி போட்டோ எடுப்பாங்க, எங்களுக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. ஆறாவது வருசம் டொய்லட்ல தண்ணி எறங்கல. ஊத்த ஊத்த மேல வருது. பைப்பு பாக்குற பாஸ் வந்து முன்வாசல் மண்ணத் தோண்டி பிவிசி பைப்ப ரெண்டா அறுத்தாரு பாருங்க, உள்ள இருந்து ஒரு வேர்க்கட்டு, குதிர வால் மாதிரி, ஒரு ஆறடி நீளம், இழுக்க இழுக்க வருது, நுனியெல்லாம் இளஞ்செவப்பு, நூலு நூலா, ஒவ்வொரு நூலும் ஈரத்துல பளபளன்னு. அவரு அத கையில தூக்கிப் புடிச்சிட்டு நின்னது இப்பவும் கண்ணுக்குள்ள இருக்கு. அப்பா ஒரு வார்த்த பேசல, அந்த வேர வாங்கி வெரல்ல தடவிப் பாத்தாரு, அப்புறம் உள்ள போயி வாளரம்பத்த எடுத்துட்டு வந்துட்டாரு.

மரத்து மேல தப்பே இல்ல, இத நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். வில்லோ வேரு நல்ல பைப்ப ஒடச்சிட்டுப் போறது இல்ல, ஜாயின்ட்ல மயிரிழை அளவுக்கு கசிவு இருந்தாப் போதும், அந்த ஈரத்த மோப்பம் புடிச்ச மாதிரி வந்து உள்ள பூந்துக்கும், உள்ள போனா தண்ணியும் சத்தும் கெடக்கு, பின்ன ஏன் வெளிய வரப்போகுது. ஆத்தங்கரையில, வெள்ளம் வந்து போற மண்ணுல வாழுற மரம் அது, தண்ணி எங்க இருக்குன்னு தேடுறது தான் அதோட பொழப்பே. நாங்க தான் அத டொய்லட் பைப்புக்கு 12 அடியில வச்சோம்.

பொதுவா சொல்ற கணக்கு வீடு, குழி, பைப்பு, கெணறு எதுல இருந்தும் குறைஞ்சது 50 அடி தள்ளி வைக்கணும்னு. இப்ப நம்ம ஆளுங்களுக்கு இருக்க காணிய யோசிச்சுப் பாருங்க. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி சொச்சம், 7 பேர்ச்சஸ்னா 1,905 சதுர அடி, அத சதுரமா வச்சா ஒரு பக்கம் 44 அடி கூட வராது. அதாவது வீடே கட்டாம வெறும் காணியா கெடந்தாலும் நடுவுல நின்னா 50 அடி தள்ள எடமில்ல. அதனால யாராவது என்கிட்ட வந்து அக்கா எங்க வீட்டு முன்னால வில்லோ வைக்கலாமான்னு கேட்டா, காணி எவ்வளவுன்னு தான் மொதல்ல கேப்பேன், 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ்னா வேணாம்னு நேராவே சொல்லிருவேன். சிலர் பெரிய பீப்பாவுல வச்சு வளக்கலாமேன்னு கேக்குறாங்க, ரெண்டு மூணு வருசம் நிக்கும், ஆனா வெயில் நாள்ல ஒரு நாளு தண்ணி மறந்தா இலையெல்லாம் கருகிரும், வேரு பீப்பாவுக்குள்ளயே சுத்திச் சுத்தி மரம் மூச்சு முட்டிப் போயிரும், எனக்கு அத பாக்க மனசு வராது.

சரி, மரத்த வெட்டுன கதைக்கு வாறேன். அடியோட அறுத்துட்டோம்னு நெனச்சோம், மூணு கிழமையில அடிக்கட்டையச் சுத்தி 20, 30 தளிரு, ஒடிக்க ஒடிக்க வருது. தேயிலைய கவ்வாத்து வெட்டுன மாதிரி தான், கட்டைய மட்டும் விட்டா வில்லோ சாகாது. கடைசில வேரோட தோண்டித் தான் எடுத்தோம், ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் வேல. ஆனா வெட்டுன அன்னைக்கே அப்பா நல்ல கொப்பா பாத்து ஒரு கட்டு எடுத்து வாளில தண்ணி ஊத்தி வச்சிட்டாரு, அதுல ஒண்ணு தான் இப்ப கீழ ஓடையோரம் நிக்குது. பத்து வயசு தாண்டிருச்சு. வீட்டுல இருந்து எறங்கி நடந்தா 90 அடிக்கு மேல, அப்பாவே கயிறு போட்டு அளந்து தான் குழி வெட்டுனாரு.

நடுறது ரொம்ப லேசு, இந்த ஒரு விசயத்துல வில்லோ மாதிரி மனசு நோகவைக்காத மரம் வேற இல்ல. எங்க பக்கம் ஜனவரி, பிப்ரவரில ராத்திரி நல்லா குளிரும், காய்கறித் தோட்டத்துல விடியக்காலம் பாத்தா உருளக்கெழங்கு இல மேல உப்பு தூவுன மாதிரி உறைபனி கெடக்கும், அந்த நேரம் மரம் பாதிக்கு மேல இலைய உதுத்துட்டு கொஞ்சம் தூங்குற மாதிரி இருக்கும். அப்ப வெட்டுற குச்சி தான் நல்ல குச்சி. போன வருசம் வளந்த கொப்பா இருக்கணும், பென்சில் தடிப்புல இருந்து கட்ட வெரல் தடிப்பு வரைக்கும், ஒன்ற அடி நீளம், அடிப்பக்கத்த சரிவா வெட்டணும் நுனிய நேரா வெட்டணும், அப்பத் தான் எது அடி எது நுனின்னு மாறாது. மூணுல ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள போகணும், மேல ரெண்டு மூணு மொட்டுக்கண்ணு தெரிஞ்சாப் போதும். சும்மா குச்சிய வச்சு குத்தாதீங்க, தோல் உரிஞ்சிரும், மொதல்ல ஒரு கம்பியால ஓட்டை போட்டுட்டு அப்புறம் குச்சிய எறக்கி காலால மண்ண அமுக்கி விடணும். நாங்க ஜனவரில வெட்டி தண்ணில வச்சு, வேரு எட்டிப் பாத்ததும் நடுவோம், பிறகு சித்திர மழை வந்து பாத்துக்கும்.

தண்ணில வைக்கிறது வேலைக்காக மட்டும் இல்ல, பாக்குறதுக்காகவும் தான். போன ஜனவரி எங்க மகள் ஒரு நெஸ்டமோல்ட் போத்தல்ல ஒரு குச்சிய போட்டு குசினி ஜன்னல்ல வச்சா. ஒரு கிழமைக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் தண்ணிக்குள்ள இருக்க தோல்ல வெள்ள வெள்ளயா சின்ன பொட்டு, வேர்க்குரு மாதிரி. ஒவ்வொரு நாளும் அந்தப் பொட்டு கொஞ்சம் கொஞ்சமா உப்பி வெடிச்சு, நடுவுல இருந்து ஊசிமுன மாதிரி ஒரு வேரு, மறுநாள் நகம் அளவு, அதுக்கு மறுநாள் வெரல் கணு அளவு. வெட்டுவாயில இருந்து தான் வேரு வரும்னு அவ நெனச்சிருந்தா, ஆனா வில்லோவுக்கு கொப்பு நெடுக்க தோலுக்குள்ளயே வேர் மொட்டு தயாரா தூங்கிட்டு இருக்கும், ஈரம் பட்டா முழிச்சிக்கும், அதான் நடுக்கொப்புல எல்லாம் வந்துச்சு. அவ ஒவ்வொரு நாளும் ஸ்கேல் வச்சு அளந்து நோட்டுக் கொப்பியில எழுதுனா, நான் எழுதச் சொல்லல.

அந்தப் போத்தல் தண்ணிய கொட்டிராதீங்க. இளங்கொப்ப சின்னச் சின்னதா நறுக்கி ஒரு ராத்திரி ஊற வச்சு அந்தத் தண்ணிய நர்சரியில விக்கிற வேர் பவுடருக்குப் பதிலா மத்த செடிக் குச்சிக்கு ஊத்தலாம், வேர் விட உதவும்னு சொல்லுவாங்க. அப்பா பவுடர் வாங்குனதே இல்ல, பங்களாவுல ரோஸ் குச்சிக்கெல்லாம் வில்லாத் தண்ணி தான் ஊத்துனேன்னு சொல்லுவாரு. எனக்கு ஹைட்ரேஞ்சியாவுல நல்லா கேட்டுச்சு, ரோஸ்ல பாதி புடிச்சுச்சு பாதி போச்சு.

நட்ட பிறகு ரெண்டு வருசம் தான் கவனம் வேணும், அந்த ரெண்டு வருசத்த விட்டுட்டா மரம் ஆயுசுக்கும் கோணலா போயிரும். தொங்குற சாதி இல்லையா, நெட்டுக்குப் போற தண்டு கூட ஒரு மூணடி வளந்ததும் கவுந்து தரையில படுக்கப் பாக்கும். அதனால ஒரு நல்ல மூங்கில பக்கத்துல ஊனி, இருக்கதுலயே பலமான ஒரு தண்ட மட்டும் தேர்ந்து, ஒரு அடிக்கு ஒரு கட்டா கட்டிக்கிட்டே போகணும், எட்டு பத்தடி வரைக்கும். அதுக்கு மேல தான் தொங்க விடணும். கம்பி, நைலோன் கயிறு எதுவும் வேணாம், மரம் வேகமா பெருக்கும், கயிறு தோலுக்குள்ள வெட்டிக்கிட்டு பூந்துரும். அம்மா கொழுந்துக்குப் போகும்போது இடுப்புல கட்டுன பழைய சேலைய கிழிச்சு, மூங்கிலுக்கும் தண்டுக்கும் நடுவுல எட்டு போட்டு தான் கட்டுனாங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ அவுத்து தளத்தி கட்டணும். அடியில ஒரு ரெண்டடி வட்டத்துக்கு புல்ல சொரண்டி வச்சுக்கணும், வெட்டுன புல்லையே மேல மூடி விடலாம் ஆனா தண்டுல ஒட்டாம. அந்தப் பக்கம் மாடு ஆடு வந்தா வேலி போடாம நடவே நடாதீங்க, வில்லோ இலைன்னா ஆடு விடாது, எங்களோடது ஒரு மதியத்துல மொட்டையானது.

கவ்வாத்து பத்தி எங்க வீட்டுல ரெண்டு கட்சி. அம்மா 31 வருசம் கொழுந்து பறிச்சவங்க, மாமா கவ்வாத்துக் கத்தி புடிச்சவரு, ரெண்டு பேருக்கும் ஒரு செடிய வெட்டாம விட்டா அது கெட்டுப் போச்சுன்னு தான் அர்த்தம். அப்பாவுக்கு அதுக்கு நேர் எதிர், அழகு போயிரும்னு கத்திய ஒளிச்சு வைப்பாரு. நான் பாத்த வரைக்கும் நடுவுல தான் சரி. தேயிலைக்கு சில வருசத்துக்கு ஒருக்கா மட்டமா வெட்டுவாங்க, வில்லோவ அப்படி தலையோட வெட்டக் கூடாது, வெட்டுனா சாகாது தான் ஆனா வெட்டுன எடத்துல இருந்து பத்து இருபது கொப்பு ஒட்டுப்போட்ட மாதிரி பலம் இல்லாம வந்து காத்துக்கு பிச்சுக்கிட்டு விழும். ஒவ்வொரு ஜனவரியும் காஞ்ச கொப்பு, ஒண்ணோடொண்ணு ஒரசுற கொப்பு, தண்டோட இடுக்கா இங்கிலீஷ் வி எழுத்து மாதிரி கவ விட்ட கொப்பு இதுகள மட்டும் எடுத்தா போதும், உள்ள காத்து போகணும், அவ்வளவு தான். மாமா சொல்ற ஒண்ணு மட்டும் அப்படியே எடுத்துக்கிட்டோம், வெட்டு எப்பவும் சரிவா, ஒரே இழுப்புல, தண்ணி தங்காம வழியணும்னு. நம்ம ஊரு மழைக்கு அது ரொம்ப முக்கியம், பிசிறு பிசிறா அறுத்த வாய்ல தண்ணி நின்னா அங்கயே அழுகத் தொடங்கிரும். தொங்குற கொப்ப தரையில இருந்து ஒரு நாலடிக்கு மேல மட்டம் பண்ணி விடுவோம், அதுக்கு அப்பாவும் ஒத்துக்கிட்டாரு, இல்லன்னா கீழ என்ன கெடக்குன்னே தெரியாது, அட்டை வேற.

ஆனி ஆடி காத்து தான் பெரிய பயம். வில்லோ வளர்ற வேகத்துக்கு மரத்துல பலம் கெடையாது, சவுக்கு மாதிரியோ டர்ப்பன்டைன் மாதிரியோ பலமான மரம்னு நெனச்சிராதீங்க. ரெண்டு வருசம் முந்தி ஒரு ஜூலை ராத்திரி, காத்து கூரத் தகரத்த தட்டிட்டே இருந்துச்சு, நடுச்சாமத்துல படார்னு ஒரு சத்தம், விடிஞ்சு போய்ப் பாத்தா என் தொடை தடிப்புக்கு ஒரு கொப்பு கிழிஞ்சு ஓடைக்குள்ள கெடக்கு, கிழிஞ்ச எடம் வெள்ளையா, கோழிக்கறி பிச்ச மாதிரி நார் நாரா. ஆளு யாரும் இல்லாத எடமா போனதால சரி. வில்லோவுக்குக் கீழ பெஞ்சு போடணும்னு எல்லாருக்கும் ஆச வரும், எனக்கும் வந்துச்சு, போடாதீங்க, வாகனமும் நிப்பாட்டாதீங்க, புள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டவே கட்டாதீங்க.

ஓடையில விழுந்த அந்தக் கொப்ப அன்னைக்கே வெளிய இழுத்துப் போட்டோம், சில்லுச் சில்லா ஒடஞ்சத கூட அரிச்சு எடுத்தோம். காரணம் இருக்கு. வில்லோவுல ஆம்பள மரம் வேற பொம்பள மரம் வேற, உலகம் பூரா கொப்பு வச்சே பரப்புன வீப்பிங் வில்லோ பெரும்பாலும் பொம்பள மரம், அதனால வெத போட்டு பரவாது. ஆனா ஒடஞ்ச குச்சி மெதந்து போயி எங்க ஒதுங்குதோ அங்க வேர் விடும். ஆஸ்திரேலியாவுல அப்படி ஆத்த அடச்சிட்டதால வில்லோ சாதியவே நாட்டோட பெரிய களைகள்ல சேத்து வச்சிருக்காங்க, வீப்பிங் வில்லோவையும் சேத்து மூணு சாதிக்கு மட்டும் விலக்கு. விலக்குன்னாலும் நாம பாத்து நடந்துக்கணும், ஹோர்ட்டன் சமவெளியில மஞ்சப் பூ பூக்குற அந்த கோர்ஸ் முள்ளுச்செடி பரவி எவ்வளவு பாடுன்னு பாக்குறோம்ல, அதுவும் யாரோ ஆசையா கொண்டாந்தது தான். இன்னொண்ணு, வில்லோ வேரு ஓடக்கரைய நல்லா புடிச்சு வைக்கும், எங்க கரை முந்தி மாதிரி கரையிறது இல்ல, ஆனா அத நம்பி மண்சரிவுக்கு மருந்துன்னு யாரும் சரிவுல வச்சிராதீங்க, மல எறங்குனா மரமும் சேந்து தான் எறங்கும்.

பூச்சி பெரிய பிரச்சின இல்ல. வெயில் காலத்துல தளிர்ல அசுவுணி கூட்டமா ஒக்காரும், எறும்பு ஏறுறத வச்சு கண்டுபுடிச்சிரலாம், எட்டுற ஒசரம்னா சோப்புத் தண்ணி, எட்டாட்டி விட்டுருங்க, மழை வந்து கழுவிரும். இலையில சாம்பல் பூத்த மாதிரி வந்தா உள்ள காத்து போகலன்னு அர்த்தம்.

பேரு கதைய சொல்லாம விட முடியாது. 1753ல செடி கொடிக்கெல்லாம் லத்தீன் பேரு வச்ச லின்னேயஸ்ங்குற விஞ்ஞானி இதுக்கு சேலிக்ஸ் பேபிலோனிக்கான்னு பேரு வச்சாரு, பாபிலோன் மரம்னு. பைபிள்ல சங்கீதம் 137ல பாபிலோன் ஆத்தங்கரையில சிறப்பட்ட சனங்க ஒக்காந்து அழுது, அவங்க கின்னரத்த, அதான் யாழ் மாதிரி ஒரு வாத்தியத்த, மரத்துல தொங்க விட்டாங்கன்னு வருதுல்ல, அந்த மரம் இது தான்னு நெனச்சிட்டாங்க. உண்மையில வீப்பிங் வில்லோ சீனாவுல இருந்து வந்தது, அந்த ஆத்தங்கரையில நின்னது பாப்லர் மரமா இருக்கணும்னு தான் இப்ப சொல்றாங்க, வில்லோவுக்கு சொந்தக்கார மரம் தான் அது. நம்ம தமிழ் பைபிள்ல அந்த எடத்துல அலரிச்செடின்னு இருக்கு. சின்னதுல சர்ச்சுல கேக்கும்போது நான் கோயிலுக்குப் பூ பறிக்கிற அலரிய தான் நெனச்சேன், அவ்வளவு சின்ன செடியில எப்படி கின்னரத்த தொங்க விட்டாங்கன்னு ஒரே யோசன. வேற நாட்டுக்கு கொண்டு போகப்பட்ட சனங்க தண்ணிக்கரையில ஒக்காந்து ஊர நெனச்சு அழுதாங்கங்குறது, எங்க பாட்டன் பூட்டன் கப்பல் ஏறி மன்னார்ல இருந்து காட்டு வழியா நடந்து இந்த மலைக்கு வந்தத கேட்டு வளந்த எனக்கு, வேற யாரோட கதையாவும் படல.

இன்னொரு கதை இந்த மண்ணோட சேந்தது. ஹக்கல பூந்தோட்டம் 1861ல தொடங்குனதே சிங்கோனா மரம் வளக்கத் தான், மலேரியாவுக்கு கொய்னா எடுக்குற பட்ட. அதுக்கு கிட்டத்தட்ட நூறு வருசம் முந்தி, 1763ல, இங்கிலாந்துல எட்வர்ட் ஸ்டோன்னு ஒரு பாதிரியாரு வில்லோ பட்டைய கடிச்சுப் பாத்து, சிங்கோனா மாதிரியே கசக்குதேன்னு காயவச்சு பொடிச்சு காய்ச்சல்காரங்க ஒரு 50 பேருக்கு குடுத்துப் பாத்து, கேக்குதுன்னு லண்டன்ல இருக்க ரோயல் சொசைட்டிங்குற விஞ்ஞானிகள் சங்கத்துக்கு கடிதம் எழுதுனாரு. அந்த வழியில போயி போயி 1897ல ஆஸ்பிரின் வந்துச்சு. கசப்புல சொந்தமான ரெண்டு மரம், ஒண்ண ஹக்கலயில வச்சாங்க, இன்னொண்ணு எங்க ஓடையில நிக்குது. இத படிச்சிட்டு யாரும் காய்ச்சலுக்கு பட்டைய அவிச்சு குடிச்சிராதீங்க தயவுசெஞ்சு, இப்ப இருக்க காய்ச்சல் டெங்குவா இருந்தா ஆஸ்பிரின் சம்பந்தப்பட்ட எதுவும் ஆகாது, ரத்தக் கசிவு கூடிரும், ஆஸ்பத்திரிக்குத் தான் போகணும்.

அப்பாவுக்கு இப்ப 74. முழங்கால் முடியல, ஓடை வரைக்கும் எறங்குறது இல்ல, விராந்தையில நாற்காலி போட்டு வெறுந்தேத்தண்ணிய கையில வச்சிட்டு மரத்தயே பாத்துட்டு இருப்பாரு. போன மாசம் பக்கத்துல புதுசா வீடு கட்டி வந்த தம்பியும் அவரு வீட்டுக்காரியும் வந்து, ஐயா எங்களுக்கும் ஒரு குச்சி தாங்க, முன்னால வைக்கணும்னு கேட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லாம கம்ப ஊனிக்கிட்டு எந்திரிச்சு அவங்களோட போனாரு. அவங்க டொய்லட் குழி மூடி மேல நின்னு, ஒண்ணு, ரெண்டுன்னு அடி எடுத்து வச்சு எண்ணுனாரு. முன்வாசல் தாண்டிருச்சு, வேலி தாண்டிருச்சு, அடுத்தாளு லீக்ஸ் பாத்திய சுத்திப் போனாரு, கடைசில பிள்ளைங்க பந்து விளையாடுற தரைக்குக் கீழ, ஓட வளையிற எடத்துல போயித் தான் நின்னாரு. கம்ப மண்ணுல குத்தி, இங்க வைங்க தம்பி, ஒங்க ஜன்னல்ல இருந்து நல்லா தெரியும்னு சொன்னாரு. அந்தப் பொண்ணு திரும்பி வீட்டப் பாத்திச்சு, மரம் வரப்போற எடத்தயும் பாத்திச்சு, சரிங்க ஐயான்னு தலைய ஆட்டிச்சு.

ஜனவரி வரட்டும், குச்சி வெட்டித் தாறேன்னு சொல்லியிருக்கேன். அப்பா இப்பவே ஒரு சாக்க கழுவி காயப்போட்டு வச்சிட்டாரு.